வளவில் அகப்பட்ட சிலையை என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது நாலடி ஆழத்தில், ஒரு சாண் உயரத்தில் உலோகச் சிலை ஒன்று அகப்பட்டது. அம்மன் மாதிரி இருக்கிறது. பழைய சாமான் வாங்கும் ஒருவர் நாலு லட்சம் தருவதாகச் சொல்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி, வந்து போகும்போது சூட்கேசில் கொண்டு போகிறேன் என்கிறான். தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்னால் காணியையும் பிடித்துவிடுவார்கள் என்று அயலவர்கள் பயப்படுத்துகிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில், புளி போட்டுத் துலக்க வேண்டாம். சாம்பலும் பிராசோவும்கூட வேண்டாம். மேலே படிந்திருக்கும் பச்சைக் களிம்பு அந்தச் சிலையின் வயதுக்கும் மண்ணுக்கும் சாட்சி. கடற்கரை மண்ணின் உப்பு வெண்கலத்துக்குள் ஊறியிருக்கும். ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். தண்ணீரில் கழுவாமல், பொலித்தீன் பையில் அடைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது படம். முன், பின், பக்கம், பீடத்தின் அடி என எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துக் கைபேசியில் எடுங்கள். எழுத்து ஏதும் தெரிந்தால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். குழியையும் எடுங்கள். எந்தத் திகதி, எத்தனை அடி ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், கூட என்ன ஓடு, கல், கரி கிடந்தது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் படம் எடுத்து உறவினர் இருவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே பதிந்துவிடும்.

இந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கும் தாரா என்ற பௌத்தத் தேவியின் சிலையைப் பாருங்கள். 143 சென்ரிமீற்றர் உயரம், பொன் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டு. இலங்கையில் ஆளுநராக இருந்த பிறவுண்றிக் 1830இல் அதைக் கொடுத்தார். எங்கே கண்டெடுத்தது என்று கேட்டால், ‘திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்’ என்கிறார்கள். இடையில் என்றால் எங்கே? வெருகலா, மூதூரா, வாகரையா? எந்தக் கோயில் மண், கூட என்னென்ன புதைந்திருந்தன என்பதெல்லாம் போனது போனதுதான். நாலு லட்சம் தருகிறேன் என்பவர் உங்கள் சிலைக்கும் அதையே செய்வார். அவருக்கு வேண்டியது ஊர் பேர் இல்லாத சிலை.

தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து களவு போய், 2008இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. விற்ற வியாபாரி சுபாஷ் கபூர் காட்டிய கடதாசிகள் எல்லாம் பொய். அதை உடைத்தது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படங்கள். 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. வேறொரு கோயிலின் சிலைக் களவு வழக்கில் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் உற்சவ மூர்த்திகளுக்குப் படம் இருக்கிறதா? அலங்காரம் கலைத்த படம் வேண்டும். பட்டும் மாலையும் சாத்திய படத்தை வைத்து எந்தப் பொலிசும் சிலையை அடையாளம் காண முடியாது.

தம்பியின் யோசனை ஆகவே ஆகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது. மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடந்தவை அரசின் உடைமை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். 1988இல் பண்பாட்டுச் சொத்துகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தப்பினாலும், பண்பாட்டுச் சொத்துக் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் கனடாவும் சேர்ந்திருக்கிறது. களவாக வெளியேற்றிய பொருளைக் கனடாவுக்குள் கொண்டுவருவது அங்கேயும் குற்றம். தம்பியின் குடியுரிமைக்கு முன்னால் நாலு லட்சம் ஒரு காசா?

இனிக் காணிப் பயம். அது வெறும் வதந்தி என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் இல்லை. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைத்தபோது, தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இல்லை. கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயில் நிலத்தைப் பற்றிய வழக்கும் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் சட்டத்தில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள் வேறு, நிலம் வேறு. ஒரு சிலை அகப்பட்டதற்காக மட்டும் காணி கைமாறாது. அதற்கு வர்த்தமானி அறிவித்தல் தனியாக வரவேண்டும். காணிச் சொந்தக்காரர் அந்தப் பொருளில் அக்கறையுடையவர் என்றும் அதே கட்டளைச் சட்டம் ஏற்கிறது. இழப்பீட்டை எழுத்திலேயே கேளுங்கள். ஒளித்து வைத்துப் பின்னர் பிடிபட்டால்தான் புதையல் தோண்டினீர்கள் என்ற பழியும் சேர்ந்து வரும். வளவில் குழி, வீட்டில் சிலை, வாசலில் வியாபாரி. பொலிசுக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே சொல்லுங்கள், ஆனால் தடயத்தோடு சொல்லுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதி, படங்களை இணைத்து, பிரதேச செயலாளருக்கும் பொலிசுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்; கிராம உத்தியோகத்தருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பிரதி. உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்க வேண்டாம். சிங்களத்தில் மட்டும் எழுதிய வாக்குமூலத்தில், தமிழில் தராமல் கையொப்பம் கேட்டால் மறுக்கலாம். சிலையை எடுத்துப்போகும்போது யார், எந்த நாள், எங்கே கொண்டுபோகிறார் என்று பற்றுச்சீட்டு வேண்டும். ஆறு மாதம் கழித்து சிலை எங்கே என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

அது ஒரு கோயிலின் மூர்த்தி என்று தோன்றினால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். 1950இல் நகரசபையினர் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட கோணேசர் கோயில் வெண்கல மூர்த்திகள் மறுபடி கோணேசர் மலைக்கே போய்ச் சேர்ந்தன. போர்த்துக்கேயப் பறங்கியர் அந்தக் கோயிலை இடித்தபோது யாரோ புதைத்துக் காத்தவை அவை. உங்கள் குழியிலும் இன்னும் ஏதாவது இருக்கலாம். ஆகையால் வேலையை நிறுத்தி, தகரம் போட்டு மூடி, மேசனை வளவின் மறுகரையில் வெட்டச் சொல்லுங்கள். வியாபாரி திரும்ப வந்தால் முத்திரை குத்திய பிரதியைக் காட்டுங்கள்.