பாம்பு ஒன்றா, இரண்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் மருத்துவர் சங்கத்துக்குக் கேடயச் சின்னம் வரைய ஒருவரிடம் சொன்னோம். இரண்டு பாம்பு சுற்றிய சிறகுக் கோல், மேலே வேல், மூலையில் செஞ்சிலுவை என்று வரைந்து தந்திருக்கிறார். பிரிட்டோரியாவில் பதிவு செய்துதரத் தனிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

சிறகும் இரண்டு பாம்பும் உள்ள கோல் கிரேக்கத் தூதன் ஹெர்மிஸுடையது. அவன் வியாபாரிகளுக்குக் காவல், திருடர்களுக்கும்தான்! வைத்தியத் தெய்வம் அஸ்க்லெபியஸின் கோலில் ஒரே பாம்பு, சிறகு கிடையாது. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு ஹெர்மிஸின் கோலைச் சீருடையில் ஏற்றியது. குழப்பம் இன்னும் தீரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் ஒரே பாம்புதான்.

வேல் நல்ல யோசனை. வேலையே கோலாக்கி ஒரு பாம்பைச் சுற்றிவிடலாம். ஆனால் பொன்னிறத்தில் வேல் என்றால் அதை வெள்ளைத் தரையில், அதாவது வெள்ளைப் பின்னணியில், வைக்கக் கூடாது. சின்னக் கலையில் வெள்ளை நிறம் என்றால் வெள்ளி. பொன்னும் வெள்ளியும் உலோகக் கணக்கு, ஒன்றின்மேல் ஒன்று வந்தால் தூரத்தில் தெரியாது. தரை நீலமோ பச்சையோ இருக்கட்டும்.

செஞ்சிலுவையை எடுத்துவிடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தம் அதைக் காக்கிறது. இங்கே 2007இல் தனிச் சட்டமும் வந்தது. "நிறத்தை மாற்றிப் போட்டால் போச்சு" என்பார் வரைந்தவர். சிவப்புத் தரையில் வெள்ளைச் சிலுவை சுவிட்சர்லாந்துடையது, அதற்கும் அதே ஒப்பந்தத்தில் தடை. ஒரு விலக்கு உண்டு: சமாதான காலத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் வெளிப்படையான அனுமதியோடு, ஆம்புலன்சிலும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் முகாமிலும் போடலாம். முழுக்க இலவசம் என்றால் டோக்கனுக்கு ஐந்து ராண்டு வாங்கினாலும் ஆகாது. அந்த அனுமதி முகாம் பலகைக்குத்தான். லெட்டர்ஹெட்டுக்கும் கேடயத்துக்கும் செல்லாது. இலவச முகாம் நடத்தும் சங்கங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

சரி, பதிவு செய்துதரப் பணம் கேட்கும் தரகு வேலைக்கு வருவோம். 1962 சட்டப்படி இயங்கும், சின்னங்களைப் பதியும் அரசு அலுவலகமான ஹெரால்ட்ரி பீரோவுக்குச் சங்கமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அரசிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபத்துக்கு அவகாசம் உண்டு. அதை எந்தத் தரகராலும் சுருக்க முடியாது. "ஆளைத் தெரியும்" என்றால் பையை மூடிக்கொள்ளுங்கள். அரசாங்கப் படிவங்கள் மனிதர் பேசுகிற மொழியில் இருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை. படிவம் போடுகிறவர்களுக்கு அது எப்போது உறைக்குமோ!

"நாயுடு குடும்பச் சின்னம்", "பிள்ளை குடும்பச் சின்னம்" என்று ஃபிரேம் போட்டு விற்பவர்களும் இதே ரகம். சின்னம் ஒரு ஆளுக்கோ அமைப்புக்கோ உரியது, குடும்பப் பெயருக்கு இல்லை.

வரைந்தவருக்கு வரைந்த கூலியைக் கொடுங்கள். அப்புறம், படத்தின் மூலக் கோப்பையும் உரிமை சங்கத்துக்கே என்ற கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.