தாது வருஷத்தில் நெட்டால் போனவரை எந்தக் காகிதத்தில் தேடுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் சின்னசாமி, தகப்பனார் பெயர் முனுசாமி. செங்கம் பக்கத்துக் கிராமம். தாது வருஷப் பஞ்சத்தில் நெட்டால் (இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ளது) கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. "போட்டோ ஒட்டிய அசல் பாஸ்போர்ட் இருக்கிறது, 35,000 ரூபாய்" என்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா? அவர் வாரிசுகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவருக்கு இன்றைய பொருளில் பாஸ்போர்ட் கிடையாது. போட்டோ எடுத்தது மோரீசில் (மொரீஷியஸ் தீவில்). 1860களிலிருந்து அங்கே அந்த வழக்கம் உண்டு. நெட்டால் கப்பல் பட்டியலில் வெறும் எழுத்துதான்: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. எங்கேயோ எடுத்த மோரீசுப் படத்தைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

அசல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரும் அந்த ஒரே எண் வரிசையில் வருவார்கள். ஏஜெண்டுகள் விற்பது பெரும்பாலும் இதிலிருந்து எடுத்த ஒரு வரியைத்தான்.

முதலில் வருஷம். தாது என்பது 1876-77. நெட்டாலுக்கு 1866க்குப் பிறகு 1874 வரை ஆள் அனுப்பவே இல்லை. 1874இல் மறுபடி தொடங்கியது. ஆகவே உங்கள் வீட்டுப் பேச்சு பொருந்துகிறது. 1876 முதல் 1879 வரை சென்னையிலிருந்து போன கப்பல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜில்லா. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். செங்கம் இன்று திருவண்ணாமலை மாவட்டம். "அது பழைய வட ஆற்காடுதானே" என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி, சின்னசாமி காலத்துக்குச் சரியில்லை. அன்று செங்கம் திருவண்ணாமலை தாலுகாவில் இருந்தது. அந்தத் தாலுகா தென் ஆற்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லாவைப் பிரித்தபோதுதான் அது வட ஆற்காட்டுக்கு மாறியது. ஆனால் போளூர், ஆரணி, வந்தவாசி அப்போதே வட ஆற்காடு. ஆக, இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கும் ஊர்களை அன்றைய பட்டியலில் இரண்டு ஜில்லாக்களில் தேட வேண்டும். நீங்கள் தேட வேண்டியது தென் ஆற்காடு. உங்கள் கிராமம் போளூர் எல்லையை ஒட்டியிருந்தால் மட்டும் இரண்டிலும் பாருங்கள்.

பெயரை முழுதாக அடித்துத் தேடாதீர்கள். முனுசாமியின் 'முனு'வை ஆங்கிலத்தில் எம்-யூ-என் என்றும் எழுதியிருப்பார்கள், எம்-ஓ-ஓ-என் என்றும் எழுதியிருப்பார்கள். 'சாமி'யின் முடிவு ஐ, ஒய், ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதினவர் கைக்கேற்ப மாறும். சின்னசாமிகள் ஏராளம். தகப்பன் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் ஜில்லாவையும் சேர்த்துச் சலித்தால் கை கொள்ளும் அளவுக்குக் குறையும். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று கண்டால் கேரளம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார எழுத்தில் தமிழரைக் குறிக்கும் சொல் அது. 'ஜென்டூ' என்றால் தெலுங்கர்.

ஆள்பிடிப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அதனால் வயதையும் சாதியையும் கூசாமல் மாற்றிச் சொல்லவைத்தார்கள். வயது ஐந்து வருஷம் முன்பின் இருக்கலாம். பெயர், தகப்பன் பெயர், கிராமம் மூன்றும் ஒத்துவந்தால் பெரும்பாலும் அவரேதான். இன்னும் உறுதி வேண்டுமா? அவர் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்துப் பேரைப் படியுங்கள். ஓர் ஊரிலிருந்து சேர்ந்து போனவர்களை அடுத்தடுத்துப் பதிந்திருப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே தென்பட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இங்கே, நம் ஊரில், எதையும் தேடி அலையாதீர்கள். பயணிகளின் பெயர் வரிசை போய்ச்சேர்ந்த நாட்டில் தங்கியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைப்பது குடியேற்றம் பற்றிய அரசுக் கடிதப் போக்குவரத்து. 1850களில் பிறந்த கிராமத்து மனிதருக்குப் பிறப்புச் சான்று "எடுத்துத் தருகிறேன்" என்பவர் பொய்ச் சான்றுதான் தருவார். நிலம் இருந்த குடும்பமென்றால் செட்டில்மென்ட் பதிவேட்டில் (நில வரி நிர்ணயித்த பதிவேடு) முனுசாமி பெயர் இருக்கலாம். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு நீங்களே மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும், "பதிவேடு சிதிலமடைந்துள்ளது" என்று. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்த நேரத்தில் அலமாரியைத் திறந்தே பார்த்திருக்கலாம். உடனே முதல் மேல்முறையீடு போடுங்கள். நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்.

வாரிசுகளைத் தேடும்போது சின்னசாமியை விட்டுவிட்டு அவர் பிள்ளைகளைத் தேடுங்கள். கூலியாகவே இறந்தவருக்குச் சொத்துக் கோப்பு (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து பற்றிய அரசுக் கோப்பு) இருப்பது அரிது. மகனுக்கோ பேரனுக்கோ இருக்கக்கூடும். அந்தக் கோப்பில் உள்ள மரண அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் வரும். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையை 'சின்னசாமி' என்றும் 'முனுசாமி' என்றும் தனித்தனியாகத் தேடுங்கள். இங்கே தகப்பன் பெயராக இருந்தது அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. சில வீடுகளில் சாதிப் பட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோப்பு எண் கிடைத்ததும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு, அந்த எண்ணையும் கப்பல் பட்டியலில் உள்ள சின்னசாமியின் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு நீங்களே எழுதுங்கள்.