பிறந்தநாளுக்கு வெளிநாடு: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். மனைவிக்கோ கணவருக்கோ பிறந்தநாள், மூன்று நான்கு நாள் வெளிநாடு, கையைக் கடிக்கக் கூடாது. கொழும்புக்காரர்கள் போடும் கணக்கு மலையகத்தில் இருக்கும் நமக்குச் சரிவராது. அவர்களுக்குப் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகிறது, நமக்கு வீட்டு வாசலில். விமான நிலையம் வரை போகும் வான் வண்டிக் காசையும் சேர்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மனைவிக்கு டிசம்பரில் முப்பதாவது பிறந்தநாள். இருவரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. மூன்று இரவு தங்க, செலவு குறைந்த நகரம் எது? ஆளுக்கு ஓர் ஊர் சொல்லிக் குழப்புகிறார்கள். (ஹட்டன்)

பேங்காக். காரணத்தையும் சொல்கிறேன்.

டிக்கெட் மட்டும் பார்த்தால் சென்னைதான் கிட்ட. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். ஆனால் விசா எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தி.நகர். அங்கே கால் வைத்தால் அம்மாவுக்குச் சேலை, மச்சினிக்குச் சேலை, பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்ட வெள்ளிக் கொலுசு என்று பிறந்தநாள் பயணம் கலியாணச் சாமான் வாங்கும் பயணமாகிவிடும். கோலாலம்பூர் நல்ல ஊர்தான், ஆனால் அதற்கும் முன்கூட்டியே இ-விசா வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டாம், அறை வாடகைதான் முதுகை உடைக்கும்.

தாய்லாந்து 2024 ஜூலையில் தன் விசா விலக்குப் பட்டியலை நீட்டியபோது இலங்கையையும் சேர்த்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை என்பதால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தூதரக இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றையும் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம், இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் இல்லை.

விமான நேரம் மூன்றரை மணி. பேங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் டாக்சி வேண்டாம். கீழ்த்தளத்திலேயே ரயில் இருக்கிறது, நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரைக்கும் 45 பாத் (தாய்லாந்துக் காசு), அரை மணி நேரம்கூட ஆகாது. அறையை அந்த ரயிலுக்கோ தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் பிடிஎஸ் ரயிலுக்கோ நடக்கும் தூரத்தில் எடுங்கள். இரவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, நாலு நாள் டாக்சிக் காசு மிச்சம். நெரிசலில் சிக்கினால் டாக்சியில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிறந்தநாளே முடிந்துவிடும்.

பெரிய அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாத். நியாயமான செலவு, போங்கள். ஆனால் அரைக்காற்சட்டை, கையில்லாத சட்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள். வாசல் பக்கம் யாராவது நல்லவிதமாக வந்து "இன்றைக்கு அரண்மனை பூட்டு, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று துக்-துக்கில் ஏறச் சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அது அந்த ஊரின் பழைய வேலை. போய் நிற்பது நகைக்கடையில்.

பிறந்தநாள் மாலைக்கு ஒரு யோசனை. ஆற்றில் கப்பலில் இரவுச் சாப்பாடு என்று விற்பார்கள், பாட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக இருட்டுகிற நேரத்தில் தா தியென் படகுத்துறைப் பக்கம் போங்கள். எதிர்க்கரையில் அருண் கோயில் விளக்கேற்றியதும் கோபுரம் முழுக்கப் பொன்னிறமாகி, ஆற்றுத் தண்ணீரிலும் இறங்கி நிற்கும். பகலில் அக்கரைக்குப் போய்ப் பார்க்கவும் படகு உண்டு, சில்லறைக் காசுதான்.

டிசம்பர் நல்ல மாதம், மழை இல்லை. இருந்தாலும் ஹட்டன் குளிரில் இருந்து போகிறவர்களுக்கு முதல் நாள் வெயில் மண்டையைப் பிளக்கும். வெளியே சுற்றுவதைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸை ஒட்டி எல்லா விலையும் ஏறும். பிறந்தநாள் அந்த வாரத்தில் வருகிறதென்றால் அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டிவிட்டு, ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். உங்கள் மனைவி கோபித்துக்கொள்ளமாட்டார், மிச்சக் காசைக் காட்டினால்.

மனைவிக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, விமான நிலையத்தில் வைத்துச் சொல்ல ஆசை. அவரிடம் இன்னும் பாஸ்போர்ட் இல்லை. முடியுமா? (பண்டாரவளை)

முடியாது. பாஸ்போர்ட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் படம் எடுக்க வேண்டும், விரல் ரேகை கொடுக்க வேண்டும். அவர் நேரில் வராமல் நடக்காது. போகும் ஊரை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்த நம்மில் எத்தனையோ பேருக்குப் பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். பத்திரத்தில் மாரியாயி, அட்டையில் மேரி. அல்லது தகப்பன் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும். பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் சமாளித்துக்கொண்டு வந்தது குடிவரவுத் திணைக்களத்தில் செல்லாது. முதலில் பிரதேச செயலகத்தில் திருத்தம், பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம், அதற்கும் பிறகுதான் டிக்கெட். இந்த வரிசையை மாற்றினால் டிக்கெட் காசு போகும். மலையகத்தவர்களுக்குக் கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். செல்லப்பெயர், சுருக்கம் எதுவும் வேண்டாம்.

விமானம் சனிக்கிழமை அதிகாலை 12.50க்கு. மஸ்கெலியாவில் இருந்து எப்போது புறப்பட வேண்டும்?

வெள்ளிக்கிழமை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்றவர்களும் உண்டு.

வெள்ளி இரவு 9.50க்கு விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். அவிசாவளை வழியாகப் போனால் சாதாரண நாளில் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் கினிகத்தேனைக்கும் கித்துல்கலவுக்கும் இடையில் ஒரு மண்மேடு சரிந்தால் போதும், அத்தனை வாகனமும் நிற்கும். ஆகவே காலையிலேயே கிளம்பி, மதியத்துக்கு மேல் நீர்கொழும்பில் இறங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், கடலும் இருக்கிறது, பிறந்தநாள் கொண்டாட்டத்தை அங்கேயே ஆரம்பிக்கலாம். ரயிலை நம்பி விமானம் பிடிக்கப் போகாதீர்கள். தனி வானுக்குக் காசு இல்லையென்றால் பஸ்ஸில் கொழும்பு, அங்கே கோட்டையிலிருந்து 187 பஸ் நேரே கட்டுநாயக்கவுக்கு.

திரும்பி வரும் விமானத்தைப் பகலில் இறங்குவதாகப் பாருங்கள். நடுச்சாமத்தில் இறங்கினால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு வானுக்குப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். பேங்காக் போனால் பட்டினி கிடப்பாரா? (தலவாக்கலை)

மாட்டார், கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். "காய்கறி மட்டும்" என்று கேட்டால் இறைச்சியைத்தான் எடுப்பார்கள், சாறு அப்படியே இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடைகளைத் தேடுங்கள், வாயால் கேட்பதென்றால் "ஜே" என்று கேளுங்கள். மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நம்மூர்ச் சுவை வேண்டுமென்றால் பஹுரத் என்ற இந்தியக் கடைத்தெருவில் சைவக் கடைகள் உண்டு. சீலோம் பக்கம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, பிறந்தநாள் காலையில் ஓர் அர்ச்சனை வைத்துவிடலாம்.

விசா எடுக்கும் அலைச்சலுக்குத் தயார் என்றால் அவருக்கு நான் கோலாலம்பூரைத்தான் சொல்வேன். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் வாழையிலைச் சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் பத்துமலையில் இறங்கலாம். 272 படி, கீழே 140 அடி முருகன். ஏஜென்டுகள் கேமரன் மலையையும் சேர்த்து விற்பார்கள். தேயிலைத் தோட்டம் பார்க்கத் தலவாக்கலையில் இருந்து காசு கட்டிப் போகாதீர்கள்.

சிங்கப்பூர்தான் வேண்டும் என்கிறார் என் மனைவி. கொஞ்சக் காசில் முடியுமா? (நுவரெலியா)

இரண்டு இரவு என்றால் முடியும். லிட்டில் இந்தியாவில் சின்ன அறையாக எடுங்கள். எடுக்கும்போது ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள், மலிவு அறைகள் பலவற்றில் இருக்காது. சாப்பாட்டுக்குத் தேக்கா சென்டர். மாலைக்குக் கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை த பே) பெரிய செயற்கை மரங்களில் 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையும், சல்லிக்காசு கிடையாது. முதல் காட்சியைப் பார்த்துவிட்டு மெரினா பே பக்கம் நடந்தால் 9 மணிக்கு அங்கே தண்ணீரில் இன்னொரு காட்சி, அதுவும் இலவசம்.

ஜொகூரில் மலிவாகத் தங்கிக்கொண்டு பாலம் தாண்டி வரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது மலேசியா, நமக்கு விசா வேண்டும். அப்புறம், வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் வீட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. சிகரெட் பெட்டிக்கும் வரி கட்ட வேண்டும்.

நாங்கள் நிச்சயம் செய்தவர்கள், இன்னும் கலியாணம் ஆகவில்லை. இருவருக்கும் 24 வயது. தாய்லாந்தில் அறை தருவார்களா? (கண்டி)

தருவார்கள். பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள், கலியாணப் பத்திரத்தை இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் போவது உங்கள் பாடு.

கேள்வி வருவதானால் அங்கே இல்லை, கட்டுநாயக்கவில் வரலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித் தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களுக்கு நம் இளைஞர்களைக் கடத்திய கதை தெரிந்திருக்கும். அதனால் இளவயதுக்காரர்களை அதிகாரிகள் விசாரித்தால் முகம் சுளிக்காதீர்கள். திரும்பி வரும் டிக்கெட், அறைப் பதிவு, வேலை செய்யும் இடத்தின் லீவுக் கடிதம் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்றால் அந்த நேரம் பார்த்து பேட்டரி இறங்கும்.

பேஸ்புக்கில் மிக மலிவாக ஒரு பேக்கேஜ் பார்த்தோம். முழுப் பணத்தையும் உடனே வங்கியில் போடச் சொல்கிறார்கள். நம்பலாமா? (ஹாலிஎல)

பணம் போடுவதற்கு முன், விலைக்குள் பெட்டி எடை இருக்கிறதா, விமான நிலையத்திலிருந்து அறைக்குப் போகும் வாகனம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மலிவு விமானங்களில் பலவற்றில் கைப்பை 7 கிலோ மட்டும்தான்; கூடினால் வாசலில் வைத்து வாங்கும் காசு, முன்கூட்டியே கட்டுவதைவிட அதிகம். முற்பணம் மட்டும் கட்டி, டிக்கெட் போட்டதும் ஆறெழுத்துப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் வந்தால் மிச்சத்தைக் கட்டலாம். எண் தரத் தயங்குகிறார்களா, விட்டுவிடுங்கள்.

பிறந்தநாள் கேக்கை இங்கிருந்தே கொண்டு போகலாமா? (வெலிமடை)

ஐசிங் இல்லாத பட்டர் கேக் என்றால் கொண்டு போகலாம். கிரீம் கேக்கைப் பாதுகாப்புச் சோதனையில் ஜெல் கணக்கில் சேர்த்து நிறுத்திவிடலாம். அங்கேயே வாங்குங்கள். மெழுகுதிரியை மட்டும் எடுத்துப் போங்கள், லைட்டரைப் பெட்டிக்குள் போடாமல்.