தையல் கேள்வி–பதில்: திருகைத் தொடுவதற்கு முன்

கேள்வி: குயில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கப் பழகுகிறேன். இரண்டரை அங்குலச் சதுரங்களை அளந்துதான் வெட்டுகிறேன். ஆனால் எட்டுச் சதுரம் கொண்ட இரண்டு வரிசைகளை ஒன்றோடொன்று வைத்தால் நீளம் ஒத்துப்போவதில்லை, மூலைகளும் சேருவதில்லை. தவறு எங்கே?

பதில்: வெட்டு சரி என்றால் தவறு பிடிப்பில்தான், அதாவது துணி விளிம்புக்கும் தையலுக்கும் நடுவே விடும் அளவில்தான். இரு பக்கமும் கால் அங்குலம் பிடித்தால் எட்டுச் சதுரமும் சேர்ந்து 16½ அங்குலம் வர வேண்டும். நீங்கள் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாகப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துணியிலுமாக ஒரு நூல் போய்விடும். ஏழு இணைப்புக்கு ஏழு நூல். கிட்டத்தட்ட ஒரு அங்குலம் காணாமல் போகிறது!

உங்கள் பிடிப்பைச் சோதிக்க, 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½ அங்குலம், நடுப்பட்டை மட்டும் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு அதிகம். உண்மையில் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகப் பிடிப்பதே சரியான அளவைத் தரும். துணி மடிந்து திரும்பும் இடம் அந்த இழைகளைத் தின்றுவிடும்.

அளவு மாறாமலிருக்க, மெல்லிய ஸ்கேலை, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனையைக் கால் அங்குலக் கோட்டில் இறக்குங்கள். ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி, மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்கு ஒட்டுங்கள். துணி அந்தச் சுவரில் உரசிக்கொண்டே போகும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் டேப் படக்கூடாது.

மூலைகள் சேர இன்னொன்றும் வேண்டும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டால், அடுத்த வரிசையை வலப்பக்கம் சாயுங்கள். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் சதுரம் சதுரமாகவே இருக்காது.

கேள்வி: துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) திருகை இறுக்கியும் சரியாகவில்லை.

பதில்: சிக்கல் கீழே தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் மேல்நூல்தான். ஃபுட்டை இறக்கிவைத்து நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலோடு நின்றுவிடும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி முழுதாகக் கோத்துவிடுங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தால் ஊசி சற்று வளைகிற அளவுக்கு இறுக்கம் தெரிய வேண்டும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாக, முதல் மூன்று தையல் வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கிய திருகைப் பழையபடி கொண்டுவர வேண்டுமே! பாபின் போட்ட கேஸை நூல் முனையால் தொங்கவிடுங்கள். லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாக இறங்கிக்கொண்டே போனால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பாபினில் எலாஸ்டிக் நூல் சுற்றித் தைப்பதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு கேஸ் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புது ஊசி மாட்டியும் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

பதில்: திருப்பி மாட்டியிருப்பீர்கள். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம் வர வேண்டும். ஊசி மேலே முட்டும்வரை போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பனியன் துணி என்றால் உருண்டை முனை ஊசி வேண்டும்.

கேள்வி: மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தபின் திருப்பிப் பார்த்தால் அடித்துணி சுருங்கி மடிந்திருக்கிறது. வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் அடி அடுக்கோடு சேர்த்து நகர்த்தும் ஃபுட்) என்னிடம் இல்லை.

பதில்: இது மெஷினில் உட்காரும் முன்பே தீர்க்க வேண்டிய விஷயம். அடித்துணியையும் பஞ்சு விரிப்பையும் நாலு பக்கமும் மூன்று அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். அடித்துணியின் உள்பக்கம் மேலே இருக்கும்படி தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, விளிம்புகளை டேப்பால் ஒட்டுங்கள். அதிகம் இழுத்து ஒட்டினால், எடுத்ததும் சுருங்கி நீங்கள் சொன்ன அதே மடிப்பைத் தரும். மேலே பஞ்சு, அதற்கு மேல் சதுரங்களை இணைத்த ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள்.

தைக்கும்போது முதல் கோடு நடுவில் வரட்டும். தையல் நீளம் 3. வாக்கிங் ஃபுட் இல்லையென்றால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள். மேஜையிலிருந்து குயில்ட் தொங்கவே கூடாது. அந்தக் கனம் துணியைப் பின்னுக்கு இழுத்துத் தையலைக் குறுக்கிவிடும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் ஏற்றிவையுங்கள்.

கேள்வி: 40க்கு 60 அங்குலக் குயில்ட்டுக்கு ஓரப்பட்டை எவ்வளவு வேண்டும்? மூலையை எப்படித் திருப்புவது?

பதில்: சுற்றளவு 200 அங்குலம், இணைக்கவும் முடிக்கவும் 12 சேர்த்து 212. நாற்பது அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டை ஆறு போதும், ஆக 15 அங்குலத் துணி. பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.

பட்டையின் வெட்டு விளிம்பும் குயில்ட்டின் விளிம்பும் ஒட்டியிருக்கும்படி தைத்துவந்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்திப் பின்தையல் போட்டு நூலை வெட்டுங்கள். பட்டையை நேராக மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்வு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்தபடியே பட்டையைக் கீழே மடியுங்கள். மேல் மடிப்பு குயில்ட் விளிம்போடு சமமாக இருக்கட்டும். அந்த விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலைவரை தைத்துவிட்டால் சாய்வு மடிப்பு விழாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.