மூட்டு மாற்று, மாவுக்கட்டு, வாக்கர்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை
(நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: என் தாயாருக்கு 67 வயது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதால் மாற்று அறுவை சிகிச்சை செய்வதென முடிவு செய்திருக்கிறோம். மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டில் 'பேக்கேஜ்' என்று ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது. 'வெளிநாட்டு மூட்டு' பொருத்த வேண்டுமானால் மேலும் 80,000 ரூபாய் ஆகும் என்றும், அது 30 ஆண்டு உழைக்கும் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: அந்த ஒற்றைத் தொகையை ஏற்றுக்கொள்ளும் முன் அதைப் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்ட் 16 அன்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் அச்சிடப்பட்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் போன்ற சிறப்பு உலோக மூட்டுகளுக்கு 76,600 ரூபாயும், அதிகம் மடங்கக்கூடிய வகைக்கு 56,490 ரூபாயும் என்று ஜிஎஸ்டி நீங்கலாக அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டுள்ளது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது நடப்பில் உள்ள வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரம்பு மூட்டின் உலோகத்தையும் வகையையும் வைத்துத்தான் போடப்பட்டதே தவிர, அது குஜராத்தில் செய்யப்பட்டதா ஜெர்மனியில் செய்யப்பட்டதா என்பதை வைத்து அல்ல. 'வெளிநாட்டு மூட்டு' என்பதற்காக உங்களிடம் கூடுதலாகக் கேட்கும் 80,000 ரூபாய், 2017-இல் சிறப்பு உலோக மூட்டின் முழு விலையாக விதிக்கப்பட்ட வரம்பையே தாண்டுகிறது. எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்காக இந்தக் கூடுதல் தொகை என்று எழுத்தில் கேட்டால் பல இடங்களில் கணக்கே மாறிவிடும்.

ஆனால் வரம்பு மூட்டுக்கு மட்டுமே உரியது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, அறை வாடகை, மருந்து ஆகியவற்றுக்கு அது பொருந்தாது என்பதால், மூட்டின் விலையில் குறைந்தது வேறு தலைப்பில் ஏறியிருக்கலாம். ஆகவே இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போது மொத்தத் தொகையையே ஒப்பிட வேண்டும். அந்த மொத்தத்தில் எத்தனை நாள் அறை வாடகை, எத்தனை முறை பிசியோதெரபி, தையல் பிரிக்கும் வருகை ஆகியவை அடங்கியிருக்கின்றன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

30 ஆண்டு என்பதற்கு எவரும் உறுதி தர முடியாது. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, முழு முழங்கால் மாற்று செய்தவர்களில் சுமார் 82 விழுக்காட்டினருக்கு அது 25 ஆண்டு வரை நிலைக்கும் என்று கணித்தது. 67 வயதில் செய்துகொள்பவருக்கு இது போதுமான ஆறுதல். இதற்கு மேல் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை.

விலையைவிட முக்கியமாக நான் கருதுவது ரசீதைத்தான். மூட்டின் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், தொகுதி எண், விவரக்குறிப்பு, விலை ஆகியவற்றை மருத்துவமனை தன் ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2017 ஆணையின் பகுதி. மூட்டுப் பெட்டிக்குள் ஒட்டக்கூடிய சிறு ஸ்டிக்கர்கள் வரும். அவற்றில் ஒன்று நோயாளியின் கோப்பில் ஒட்டப்படும். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரும்படி அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லி வையுங்கள். இது வீண் பிடிவாதம் அல்ல. டீப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு பழுதுள்ளதென 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தும், அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னாளில் அரசு இழப்பீட்டுத் தொகை அறிவித்தபோது, தன் இடுப்பில் இருப்பது அந்த மூட்டுதான் என்று காட்டும் தாள் கையில் இருந்தவர்களுக்கே கோருவது எளிதாயிற்று.

வரம்புக்கு மேல் வசூலித்திருந்தால் ஆணையத்தின் 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலோ புகார் செய்யலாம்.

கேள்வி: ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்தால் விரைவில் குணமாகும் என்று சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அவசியமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவசியம் இல்லை. எலும்பை வெட்டும் கோணத்தைத் துல்லியமாக்க ரோபோ உதவுகிறது என்பது உண்மை. அந்தத் துல்லியத்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு நோயாளி நன்றாக நடக்கிறார் என்று தெளிவாக நிறுவப்படவில்லை. ஆண்டுதோறும் ஏராளமான மூட்டு மாற்றுகளைச் செய்து பழகிய மருத்துவரின் கைக்குப் பணம் கொடுங்கள். அவர் ரோபோவையும் பயன்படுத்துகிறார் என்றால் மறுக்க வேண்டியதில்லை, அதற்கென்று கடன் வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த என் மாமனாருக்கு வாக்கர், கமோடு நாற்காலி, மருத்துவக் கட்டில், காற்று மெத்தை எல்லாவற்றையும் உடனே வாங்கிவிடும்படி மருந்துக்கடைக்காரர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?
— வாசகி, மதுரை

பதில்: அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் மூன்று மாதத்தில் பரணுக்குப் போய்விடும். சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்படுவதை வாடகைக்கு எடுங்கள். அவரவர் உயரத்துக்கும் உடம்புக்கும் பொருந்த வேண்டியதை வாங்குங்கள்.

கட்டிலை வாடகைக்கே எடுக்கலாம். தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியை நீங்களே சுற்றிப் பார்த்து, பக்கவாட்டுக் கம்பி கீழிறங்கி மீண்டும் பூட்டிக்கொள்கிறதா என்று சோதித்த பிறகு முன்பணம் கொடுங்கள். எந்த நிலையில் திருப்பித் தந்தால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்பது ரசீதில் இருக்கட்டும். இந்தத் தொழிலில் தகராறு பெரும்பாலும் முன்பணத்தில்தான் வருகிறது. நோயாளி எழுந்து உட்காரவும் நடக்கவும் தொடங்கிவிட்டார் என்றால் காற்று மெத்தை தேவையில்லை. அது படுத்த படுக்கையாகவே கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருப்பதற்கானது.

வாக்கரைச் சொந்தமாக வாங்குங்கள். மடக்கக்கூடிய அலுமினிய வாக்கர் பெரும்பாலும் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இணையத்தில் வாங்குவதைக் காட்டிலும், மாமனார் வர முடியாவிட்டாலும் அவருடைய அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவதே மேல். அவர் காலணியோடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். அப்போது பிடித்து நிற்கையில் முழங்கை இலேசாக மடிந்திருக்கும். கால்களில் உள்ள பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றியபின், நான்கு பொத்தான்களும் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்தி நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் ஒரு துளை தள்ளிப் பூட்டியிருந்தாலும் வாக்கர் ஆடும். புதிதாக வாங்கி வந்த வாக்கரோடு மறுபடி விழுபவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். சில பத்து ரூபாய்ச் செலவுதான், கடைக்காரரிடம் முதலிலேயே நான்கு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த வாக்கரைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

கமோடு விஷயத்தில் இடுப்பு அறுவைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. இடுப்பு மூட்டு மாற்றப்பட்டிருந்தால், தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து இடுப்பை அதிகமாக மடக்குவது மூட்டு நழுவக் காரணமாகலாம் என்பதால், முதல் வாரங்களில் உயரமான இருக்கை வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இருந்தால் அதன் மேல் வைக்கும் உயர்த்தி ஒன்று போதும், தனி நாற்காலி வேண்டாம். இந்தியக் கழிப்பறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி வாங்கத்தான் வேண்டும்; துருப்பிடிக்காததாகப் பாருங்கள்.

கேள்வி: மணிக்கட்டு முறிந்தவருக்கு மாவுக்கட்டுக்குப் பதிலாக ஃபைபர் கட்டு போட்டால் சீக்கிரம் எலும்பு கூடும் என்கிறார்கள். அதைவிடப் புத்தூர்க் கட்டு செலவு குறைவு என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.
— வாசகர், வேலூர்

பதில்: கட்டு எதனால் ஆனது என்பதைப் பொறுத்து எலும்பு கூடும் வேகம் மாறுவதில்லை. மணிக்கட்டுக்குப் பொதுவாக ஆறு வாரம் ஆகும். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஃபைபர் கட்டு எடை குறைவானது, அரை மணி நேரத்தில் இறுகிவிடும், எளிதில் நொறுங்காது. கூடுதல் விலை அந்த வசதிக்கானது. முறிந்த முதல் நாட்களில் வீக்கம் இருக்கும்போது சுற்றிலும் மூடாத அரைக் கட்டு போட்டு, வீக்கம் வடிந்தபின் முழுக் கட்டுக்கு மாற்றுவது வழக்கம். அதனால் முதல் நாளே விலையுயர்ந்த முழுக் கட்டுக்குப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஆந்திரத்தின் புத்தூரில் தலைமுறைகளாகக் கட்டுப் போடும் குடும்பத்தின் பெயரை, அந்த ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாத பலர் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எக்ஸ்ரே பார்க்காமல், எலும்பு நேராகச் சேர்ந்திருக்கிறதா என்று தெரியாமல் இறுக்கிக் கட்டுவதில்தான் ஆபத்து. எந்தக் கட்டாக இருந்தாலும் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ காலை வரை காத்திருக்காமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று கட்டைத் தளர்த்த வேண்டும். சாலை விபத்தில் முறிந்திருந்தால், தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. செலவைக் காரணம் காட்டிக் கட்டுக்காரரிடம் போக வேண்டியதில்லை.

கேள்வி: முழங்கால் மாற்றுக்குப் பின் ஒரு பிசியோதெரபி மையத்தில் 30 அமர்வுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டினோம். ஆறு அமர்வுகளில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வந்து, இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
— வாசகி, சென்னை

பதில்: அப்படி அச்சிட்டுவிட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே குறிப்பிடுகிறது. எந்தத் தேதியில் யார் வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், என்ன செய்தார் என்பதை எழுதி, மீதமுள்ள 24 அமர்வுகளுக்கான தொகையைக் கேட்டு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

வழக்கைவிட அவசரம் முழங்காலுக்குத்தான். வலிக்கிறதே என்று மடக்காமல் விட்ட வாரங்களை மீட்பது கடினம் என்பதால், நாளையே வேறொரு தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டை ஏற்பாடு செய்துகொண்டு, அமர்வுக்கு அமர்வு பணம் கொடுங்கள். முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, முழுதாக நீள்கிறதா என்று அளந்து குறித்து வைப்பவரே நல்லவர். அறுவைக்குப் பின் காலைத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். அதனால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. அந்த வாடகையில் கூடுதலாகச் சில அமர்வுகளை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அறுவைச் செலவை ஏற்றுக்கொண்ட காப்பீட்டு நிறுவனம், வாக்கர், நீ பிரேஸ் (முழங்கால் பட்டை), பிசியோதெரபி மூன்றையும் நிராகரித்துவிட்டது. சரியா?
— வாசகர், சேலம்

பதில்: மூன்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. நடை உபகரணங்கள், பிரேஸ், பெல்ட் போன்றவை பாலிசிகளில் பொதுவாக வழங்கப்படாத பொருட்களின் பட்டியலில் இருப்பவை. அதற்கெனத் தனி இணைப்பு எடுத்திருந்தால் அன்றி வாதாடுவதில் பயன் குறைவு. பிசியோதெரபி அப்படி அல்ல. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்து, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளுக்காகப் பாலிசியில் சொல்லப்பட்ட நாட்களுக்குள் நடந்திருந்தால், அதைப் பாலிசி வெளிப்படையாக விலக்கியிருக்கிறதா என்று பார்த்து, விலக்கவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

கேள்வி: எலும்பு கூடுவதற்காக மாதம் 2,000 ரூபாய்க்குக் கால்சியம், குளுக்கோசமைன், பிரண்டை கேப்சூல் வாங்குகிறோம். இவை எல்லாம் தேவைதானா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: குளுக்கோசமைனை முதலில் நிறுத்தலாம். அது மூட்டுத் தேய்மானத்துக்கென விற்கப்படுவது. எலும்பு முறிவுக்கு அதற்கு வேலை இல்லை. மூட்டு வலிக்குமே கூட, அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை.

கால்சியத்தில் அட்டையைப் படித்து வாங்க வேண்டும். பெரிய எழுத்தில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் உடம்புக்குக் கிடைக்கும் கால்சியம் 500 மில்லிகிராம்தான். விலையை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடு. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இதே உப்பு மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் பெயரில் மலிவாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று என மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டுமே. நல்லதுதானே என்று தினமும் சாப்பிட்டு இரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு.

ஆட்டுக்கால் சூப்பில் ருசி இருக்கும் அளவுக்குக் கால்சியம் இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பிரண்டை வேண்டுமென்றால் நன்றாக வதக்கித் துவையலாகவே அரைத்துக்கொள்ளுங்கள், கேப்சூலுக்குக் கொடுக்கும் விலையில் கால் பங்கு கூட ஆகாது. மற்ற மருந்துகள் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.