தூண்டிலோடு வள்ளம் ஏறுகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

எனக்கு ஊர் முட்டம் பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் கடல் தொழில். 28 அடி ஃபைபர் வள்ளம் இருக்கிறது. கொஞ்ச வருடமாக ராடும் ரீலுமாக வந்து தூண்டில் போடுகிற பிள்ளைகளோடு நல்ல பழக்கம். அவர்கள் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடியதை எடுத்து இங்கே பதில் சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, போன ஆடியில் சின்னமுட்டம் வந்து பார்த்தேன். கடல் குளம் மாதிரி கிடந்தது. நீங்கள் என்னவென்றால் மேற்கே இருந்துகொண்டு "கடல் சரியில்லை, வராதே" என்று விரட்டுகிறீர்கள். மீனெல்லாம் உங்களுக்கே வேண்டுமோ?

மீன் உனக்கும் உண்டு தம்பி, பயப்படாதே. ஆனால் நீ பார்த்த அந்தக் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆனி, ஆடியில் காற்று மேற்கே இருந்து வருகிறது. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் அது கடலிலிருந்து கரைக்கு அடிப்பதால் அலை நம் கண்ணெதிரே எழுந்து முறியும். யாரும் சொல்லாமலே தெரியும், இன்றைக்கு இறங்கக் கூடாதென்று. அதே காற்று ஆரல்வாய்மொழி மலை இடைவெளியில் நுழைந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கிழக்கே சின்னமுட்டம் பக்கம் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அலை எழும்புவதற்குக் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் கிடைப்பதில்லை, அதனால் தண்ணீர் வழவழவென்று கிடக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் வெளியே போனால் வேறு கடல்.

போகும்போது ஒன்றும் தெரியாது. காற்று முதுகில் தள்ளும், எஞ்சின் பாட்டுக்கு ஓடும், "என்ன சுகம்" என்று தோன்றும். திரும்பும்போதுதான் அத்தனை காற்றும் முகத்தில். வள்ளத்தின் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், பெட்ரோல் இரண்டு பங்கு குடிக்கும். எஞ்சின் நின்றுபோனால் காற்று உன்னைக் கரையை விட்டு இன்னும் வெளியே கொண்டுபோகும்.

அதற்கு இரண்டு காரியம் செய். இறங்கும் முன் தொடுவானத்தைப் பார். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தால் சரி. அரிவாள் பல் மாதிரி நெளிந்து தெரிந்தால் அங்கே அலை நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம், கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் வள்ளத்தை ஒரு தடவை கரைப்பக்கம் திருப்பி இரண்டு நிமிடம் ஓட்டிப் பார். திரும்புகிற வழி எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். முடியாது போலிருந்தால் அப்படியே வந்துவிடு.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, எஞ்சின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஐந்தாறு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்கிறார்.

கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியின் நடுவில் காற்றுக்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. வண்டியில் கொண்டுவரும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்க அதை இறுக்கியிருப்பீர்கள், கடலில் திறக்க மறந்திருப்பீர்கள். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. ஓஸில் இருக்கும் ரப்பர் பல்பு நடந்ததைச் சொல்லும். எஞ்சின் நிற்கிற நேரத்தில் அது சப்பிப்போய் இருந்தால் இந்தத் திருகுதான் காரணம். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால் ஓஸில் எங்கோ காற்று இழுக்கிறது, மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். இதெல்லாம் பார்த்த பிறகு கார்புரேட்டருக்குப் போகலாம்.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு மணிக்கட்டில்தான் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வள்ளம் நின்றால்தானே நீந்திப் பிடிக்க முடியும்?

தக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் மாதம் இரண்டு தடவை தூண்டில் என்று போய்விடுகிறார். வரும்வரை எனக்கு உறக்கம் இல்லை. நான் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி, இதை இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: எந்தக் கரையிலிருந்து இறங்குகிறார், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், வள்ளத்தின் பதிவு எண்ணும் ஓட்டுகிறவர் போன் எண்ணும், எத்தனை மணிக்குக் கரை ஏறுவார். அந்த மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பாருங்கள். வரவில்லை, போனும் போகவில்லை என்றால் முதலில் அந்தக் கரையில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகள் உடனே வள்ளம் இறக்குவார்கள். கூடவே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது தேடுவதும் இருட்டிய பிறகு தேடுவதும் ஒன்றல்ல.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, உடம்பில் போட வேண்டும். செல்போனை மட்டும் நம்பவும் வேண்டாம். கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று இருக்கட்டும், 16ஆம் சேனலில் ஆள் கேட்பார்கள். ஆனால் அதற்கும் தூரக் கணக்கு உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த எங்கள் ஆட்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எத்தனையோ வீடுகளில் இன்னும் அந்த நாள் முடியவில்லை. அதனால்தான் யார் வள்ளம் கேட்டாலும் வானிலையைப் பார்த்த பிறகே சரி என்கிறேன்.

கருங்கலிலிருந்து: மாமா, வள்ளமே வேண்டாம், கடியப்பட்டணம் பாறையில் நின்று போடுகிறேன். பாறை கவிழாதே?

பாறை கவிழாது மருமகனே, கடல் பாறை மேல் ஏறும். கள்ளக்கடல் என்று கேட்டிருப்பாய். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை மூன்று நான்கு நாள் ஓடிவந்து நம் கரையில் ஏறும். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பேர். சித்திரை, வைகாசியில் அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இந்த அலைதான். ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்.

பாறைக்கு வந்ததும் உடனே இறங்காதே. மேலே நின்று இருபது நிமிடம் கடலைப் பார். பெரிய அலை தனியாக வராது, மூன்று நான்காக வரும், நடுவே நெடுநேரம் ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வைப் பார்த்துத்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். பாறையில் கறுப்பாக, ஈரமாக, பாசி மினுங்குகிற மட்டம் வரை கடல் அடிக்கடி வந்து போகிறது. நிற்பது அதற்கு வெகு மேலே, வெள்ளையாகக் காய்ந்த பாறையில்.

திங்கள்சந்தையிலிருந்து: அண்ணே, நீங்கள் பிடித்ததில் பெரியது எது? நழுவிப் போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது!

சேர்க்கவில்லை. ஒரு பாரை, 19 கிலோ, கைத்தூண்டிலில். இடது ஆள்காட்டி விரலின் இரண்டாம் மடிப்பில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. அவசரத்தில் நரம்பைக் கையில் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். மீன் கீழே குத்தியபோது விரலைக் காணோம் என்றே நினைத்தேன். பிரெய்டு லைன் என்கிற பின்னல் நூல் அதைவிட மோசம், கத்தி மாதிரி. கையில் சுற்றவே சுற்றாதீர்கள், துணி உறையாவது போடுங்கள்.

சின்னக் கேள்விகள் சிலவற்றைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், விசைப்படகுகளுக்கு: கன்னியாகுமரிக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வாந்தி வருகிறவர்கள் வள்ளத்தின் பின்பாதியில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் கரையைப் பாருங்கள், குனிந்து தூண்டில் கட்டுவதுதான் கெடுக்கும். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், இரண்டு இட்லி போதும். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் தாங்குகிற அளவு வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள், வலி அடங்கும். அப்புறம் ஆஸ்பத்திரி, முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். பேத்தை மீன் மாட்டினால் கழற்றி விட்டுவிடுங்கள், அதில் விஷம் உண்டு.

குளச்சலிலிருந்து: ஜி.பி.எஸ். இருக்கும்போது இன்னும் கணியம் கணியம் என்கிறீர்களே மாமா?

ஜி.பி.எஸ். நானும் வைத்திருக்கிறேன் மக்களே, நல்ல சாமான். ஆனால் பேட்டரி தீர்ந்த அன்றைக்கு? முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் எந்த மலைமுடி வருகிறது என்று ஒரு கோடு. கிழக்கே ஒரு கோயில் கோபுரம் எந்தத் தென்னங்கூட்டத்தோடு சேர்கிறது என்று இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நம் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, கல்லும் மீனும். இதுதான் கணியம். நங்கூரம் போட்ட பிறகு இரண்டு கோடும் விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆழத்தைப் போல மூன்று மடங்காவது கயிறு விடு, காற்றடித்தால் ஐந்து. கயிறு எப்போதும் முன்பக்கம்தான், பின்னால் கட்டினால் எஞ்சின் பாரத்தோடு தண்ணீர் உள்ளே ஏறும்.

அதே குளச்சல் பிள்ளை: கரை ஏறும்போது அலையில் எப்படி வருவது?

அலை முறிகிற இடத்துக்கு வெளியே எஞ்சினை மெதுவாக்கி நில். பெரிய அலைகள் போகட்டும். கடைசிப் பெரிய அலையின் முதுகில், அதை முந்தாமல், பின்தங்காமல் வா. முந்தினால் மூக்கு குத்தும். பின்தங்கினால் அடுத்தது பின்னால் ஏறி வள்ளத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடு மாறிக்கொண்டே இருக்கும், போன மாதம் வந்த வழி இந்த மாதம் இருக்காது. தேங்காப்பட்டணத்தில் எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். அந்த ஊர் ஆளைக் கூட வைத்துக்கொள்.

ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை, கோயில். சனிக்கிழமை வருகிறவர்கள் விடியற்காலை நாலரைக்குக் கரையில் நில்லுங்கள். இரைக்குக் கணவாய் நான் கொண்டுவருகிறேன், குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் நீங்கள் கொண்டுவாருங்கள். பதினொன்றுக்குக் கடற்காற்று ஏறும் முன் திரும்பிவிடுவோம், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.