மொறிஸ் மைனருக்கு எந்த ரயர், எந்த ரிம்?

கேள்வி: அண்ணை, அப்பா ஓடின மொறிஸ் மைனர் 1000 ஒன்று வீட்டில் நிற்கிறது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. ரயர் நாலும் வெடித்துக் கிடக்கிறது. கடையில் கேட்டால் "14 அங்குலம்தானே, வாகன் ஆர் ரயர் போடுங்கோ, கையிலயே இருக்கு" என்கிறார்கள். இதற்கிடையில் நண்பன் ஒருவன் தன் விற்ஸ் காரில் இருந்து கழற்றிய அலோய் ரிம் நாலை ரயரோடு குறைந்த விலைக்குத் தருகிறான். போல்ற் நாலும் ஓட்டைக்குள் போகிறது, நானே வைத்துப் பார்த்தேன். எதை எடுக்கலாம்?
— ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டையும் எடுக்காதீர்கள். முதலில் அலோய் ரிம்மைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் கூட.

மைனரின் நாலு போல்ற்றும் 4 அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். விற்ஸ் ரிம்மில் அந்த வட்டம் 100 மில்லிமீற்றர். வித்தியாசம் வெறும் 1.6 என்பதால்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். உங்கள் காரின் போல்ற் எட்டில் மூன்று அங்குலத் தடிப்பு, ஒன்பதரை மில்லிமீற்றர் வரும். விற்ஸின் போல்ற் 12 மில்லிமீற்றர், ரிம்மின் ஓட்டை அதற்கும் மேல். இவ்வளவு பெரிய ஓட்டைக்குள் உங்கள் மெல்லிய போல்ற் போகாமல் என்ன செய்யும்? உள்ளே போவது ஒன்றையும் நிரூபிக்காது. சில்லை நடுவில் பிடித்து வைப்பது நட்டின் கூம்பு முகமும் அது போய் உட்காரும் பள்ளமும்தான். வட்டம் மாறினால் அந்தக் கூம்பு ஒரு பக்கமாகவே கடிக்கும், போல்ற் ஒவ்வொன்றும் வளைந்த நிலையில் இழுபட்டுக்கொண்டே ஓடும், கொஞ்சத் தூரம் போக நட்டுத் தளரும். விற்ஸ் நட்டும் ஏறாது, புரி வேறு. மைனர் நட்டு அந்த ஓட்டைக்குச் சின்னது, பிடிமானமே இல்லை.

யாராவது "ஓட்டையை இழுத்து அரவி விடுறன்" என்றால் அந்தக் கராஜை விட்டு வெளியே வந்துவிடுங்கள். காருக்கும் ரிம்முக்கும் நடுவில் அடப்ரர் தட்டு வைத்துப் பூட்டலாம் என்றும் சொல்வார்கள். தட்டின் தடிப்பு அவ்வளவுக்கும் சில்லு வெளியே தள்ளப்படும், பெயறிங்கில் சுமை கூடும், மட்காட்டில் ரயர் உரசும். இன்னொன்று, இந்தக் காலக் கார்களின் ரிம் உள்பக்கமாக நன்றாக இறங்கி உட்காரும் மாதிரி வார்க்கப்பட்டது. தட்டு இல்லாமல் பூட்டினால் ஸ்ரியறிங் கம்பிகளின் பக்கம் இடிக்கக்கூடும்.

நண்பனோடு மனஸ்தாபம் வராமல் மறுக்க வேண்டுமென்றால் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். நேரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளில், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளவுங்கள். அதுதான் நான் சொன்ன போல்ற் வட்டத்தின் விட்டம், கடையில் பிசிடி என்பார்கள். உங்கள் பழைய ரிம்மிலும் அதே மாதிரி அளந்து காட்டினால் கதை முடிந்தது.

சரி, வாகன் ஆர் ரயர். அதன் அளவு 155/65 ஆர் 14. உள்விட்டம் 14 என்பது சரி, கடைக்காரர் அதை மட்டும்தான் பார்க்கிறார். முன்னுக்கு இருக்கும் 155 ரயரின் அகலம், மில்லிமீற்றரில். நடுவில் இருக்கும் 65 என்ன சொல்கிறது என்றால், ரயரின் பக்கச் சுவர் அகலத்தில் 65 வீதம் உயரம். கணக்குப் போட்டால் முழு ரயரின் உயரம் 557 மில்லிமீற்றர். மைனருக்கு உரியது முந்திய காலத்து 5.20-14 குரொஸ் பிளை (உள்ளே நூல் அடுக்குகளைக் குறுக்கு மறுக்காகப் போட்டுச் செய்த பழைய வகை ரயர்), அதற்குப் பதிலாக வழமையாகப் போடும் ரேடியல் 145/80 ஆர் 14, அதன் உயரம் 588. மூன்று சென்ரிமீற்றர் குட்டை! காரின் அடிப்பக்கம் ஒன்றரை சென்ரிமீற்றர் பதியும், மீற்றர் 40 மைல் காட்டும்போது உண்மையில் ஓடுவது 38 மைல், அதே வேகத்துக்கு எஞ்சின் ஐந்து வீதம் கூடச் சுற்ற வேண்டும். எஞ்சினை இப்போதுதான் காசு செலவழித்துச் செய்திருக்கிறீர்கள், அதை ஏன் தேவையில்லாமல் கத்த விட வேண்டும்? பாரம் தாங்குமா என்ற கவலை மட்டும் வேண்டாம், அது தாங்கும்.

அடுத்த யோசனையாக விற்ஸ் ரயரை மட்டும் கழற்றி உங்கள் பழைய ரிம்மில் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். 165/70 ஆர் 14 என்றால் உயரம் 587, ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த ரயருக்கு ஆகக் குறைந்தது நாலரை அங்குல அகல ரிம் வேண்டும். மைனர் 1000 ரிம் பெரும்பாலும் மூன்றரை அங்குலம்தான். அகல ரயரை ஒடுக்கமான ரிம்மில் நெரித்துப் பூட்டினால் நடுப்பகுதி புடைத்து அது மட்டும் தேயும், வளைவில் கார் ஆடும். ரிம் அகலத்தை அளக்கும்போது வெளி விளிம்பை அளக்காமல், ரயர் உட்காரும் இரண்டு உள் விளிம்புகளுக்கு இடையில் அளவுங்கள்.

ஆகவே உங்களுக்கு என் பதில் 145/80 ஆர் 14. அது கிடைக்காவிட்டால் 155/80 ஆர் 14, உயரம் 604 வரும், கொஞ்சம் கூட, ஆனால் காருக்கு அது கெடுதல் இல்லை. அட்டவணைப்படி அதற்கு 4 அங்குல ரிம் கேட்கும். மூன்றரையில் போட்டு ஓடும் மைனர்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்றாலும் முதல் தெரிவு 145தான். இரண்டுமே கடையில் தயாராக இல்லாமல் இருக்கலாம், சொல்லி எடுப்பிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். காத்திருங்கள். கார் இத்தனை வருடம் நின்றது, இன்னும் ஒரு மாதம் நின்றால் ஒன்றும் குறையாது.

அகல ரயரை நான் இவ்வளவு மறிப்பதற்கு இன்னொரு காரணம் மைனரின் முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு, ட்றனியன் என்பார்கள். கிரீஸ் காணாமல் தேய்ந்தால் அது கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடங்கி, கார் மூக்குக் குத்தி நின்றுவிடும். மைனர் வைத்திருக்கும் எல்லோரும் கேள்விப்பட்ட விசயம் இது. ரயர் மாற்ற முன்சில்லைக் கழற்றும் அன்றே அதைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் ரயருக்கு வைத்திருக்கும் காசில் முதலில் அதைச் செய்யுங்கள். பவர் ஸ்ரியறிங் இல்லாத காரில் அகலமான ரயரைப் போட்டு நின்ற இடத்தில் திருப்பினால் அந்தப் பாரம் முழுக்க இந்த மூட்டுகளில்தான் விழும்.

பூட்டிய பிறகு காரை நிலத்தில் இறக்கி வைத்து ஸ்ரியறிங்கை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை திருப்பிப் பாருங்கள். பின்னுக்கு இரண்டு மூன்று பேரை ஏற்றி, ரயருக்கும் மட்காட் விளிம்புக்கும், உள்பக்கம் வில்லுத் தகட்டுக்கும் இடையில் விரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். காற்று விசயத்தில் கடைப் பையன் பழக்கத்தில் 32, 35 என்று அடித்துவிடுவான். மைனர் எடை குறைந்த கார், 24க்கும் 28க்கும் இடையில் போதும், பின்பக்கம் இரண்டு கூட. ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டு எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் இன்னும் தெருவில் ஓடுவதே ஆட்களின் கைவேலையால்தான். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் இவை. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எஞ்சினில் செய்த சமாளிப்பு பிழைத்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். சில்லில் பிழைத்தால் உயிர் போகும். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஏ40க்கு "புது ரயர்" என்று நாலு வாங்கினோம். இரண்டு மாதத்தில் பக்கச் சுவரில் கோடு கோடாக வெடிப்பு. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பருத்தித்துறை

பதில்: ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கோட்டுக்குள் நாலு இலக்கம் இருக்கும், தேடுங்கள். 1417 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்த ரயர். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தியது, அதை வீட்டு வாசலுக்குக்கூட எடுக்க வேண்டாம். பழைய கார் அளவுகள் மெதுவாகத்தான் விற்கும், அதனால் கடையின் மூலையில் வருடக்கணக்கில் கிடந்ததே கைக்கு வருகிறது. ஓடாத ரயரும் கிழடாகும்.

இலக்கத்தைப் படம் எடுங்கள், வெடிப்பையும் எடுங்கள். பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் கடைக்காரரிடம் அமைதியாக, எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், விசாரிக்க 1977க்கு அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது, ஆகவே இந்தக் கிழமையே செய்யுங்கள். அதுவரை அந்த ரயரில் தூரப் பயணம் வேண்டாம்.

கேள்வி: காசு முட்டு. இப்போதைக்கு இரண்டு ரேடியல் மட்டும் வாங்கி, மற்ற இரண்டும் பழைய குரொஸ் பிளையாகவே விடலாமா? ரியூப் இல்லாமல் போடலாமா?
— ஒரு வாசகர், மானிப்பாய்

பதில்: விடுவதென்றால் ரேடியல் இரண்டும் பின்னுக்குத்தான். முன்னுக்கு ரேடியல், பின்னுக்குக் குரொஸ் பிளை என்று போட்டால் வளைவில் பின்பக்கம் பிடி விட்டு இழுத்துக்கொண்டு போகும். ஒரே அச்சில் ஒன்று அது, ஒன்று இது என்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஆனாலும் காசு சேரும்வரை பொறுத்து நாலையும் ஒன்றாக மாற்றுவதைத்தான் நான் விரும்புவேன்.

ரியூப் போடுங்கள். பழைய ரிம்மில் ரயர் விளிம்பு நழுவாமல் பிடிக்கும் மேடு இருக்காது, காற்றுக் குறைந்தால் ரயர் உள்ளே விழுந்துவிடும். ரேடியலுக்கென்று செய்த, அளவு சரியான ரியூப்பாகக் கேட்டு வாங்குங்கள். ரயரின் உள்ளே ஒட்டியிருக்கும் தாள்களை எல்லாம் உரித்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த விளிம்பு உரசி உரசியே ரியூப்பில் ஓட்டை விழும். ரிம்மின் உள்பக்கத் துருவையும் சுரண்டி, பெயின்ற் அடித்துக் காய விட்ட பிறகு ஏற்றுங்கள்.